மலையில் யாருக்குப் பேச்சுக் கற்பித்தார்கள்?

நான் ஹட்டனில் தொடர்பாடல் திறன் கற்பிக்கிறேன். கிழமை நாட்களில் தோட்டக் கம்பனிகளின் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் தொழிற்பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும் வகுப்பு. சனி ஞாயிறுகளில் ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் வருவார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை என்று நாலு பக்கத்திலிருந்தும் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நேர்முகப் பரீட்சையில் எப்படிப் பேசுவது, தொலைபேசியில் கோபப்படும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது, கூட்டத்தில் தன் கருத்தை எப்படி எடுத்து வைப்பது, இவைதான் பாடம். இந்தத் தொழில் நேற்று வந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொழும்பில் பெரிய கம்பனிகள் வளர்ந்தன, அவற்றின் பின்னால் ஆங்கிலமும் மென்திறனும் மலையேறி வந்தன என்று பயிற்சிக்கு வரும் மேலாளர்களே என்னிடம் சொல்வார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புத்தகம் போட்டு, பரீட்சை வைத்துப் பேச்சுக் கற்பிக்கும் வழக்கம் இந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். தேயிலை தோட்டம் தோட்டமாகப் பரவுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அன்றைக்கு அதைக் கற்றவர்கள் யார், எதற்காகக் கற்றார்கள் என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

கற்றவர்கள் துரைமார்.

ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்த இளைஞனுக்கு, மறுநாள் காலை, வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நூற்றுக்கணக்கான தமிழர்கள் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. தமிழகத்திலிருந்து தலைமன்னார் வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் அவர்கள். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது, அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. 1854 இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் சமயப் பணியும் தொடங்கியது. இரு தரப்புக்கும் தமிழ் வேண்டும், ஆளைச் சேர்க்கவும் வேலை வாங்கவும் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யவும்.

இந்த இடத்தில் ஆபிரகாம் ஜோசப் என்ற மனிதர் வருகிறார். கோப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த தமிழர். 1869 இல் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற நூலை எழுதினார். மலையகத்தின் அச்சேறிய இலக்கியத்தை ஆராய்கிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். கோப்பி எப்படி நடுவது, எப்படிப் பராமரிப்பது என்று கும்மி மெட்டில் சொல்லும் பாட்டு நூல் அது. அதன் பார்வை துரையின் பார்வைதான். நூல் வெளிவந்த அதே 1869 இல் கோப்பி இலையில் துரு நோயும் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்துபோயிற்று, கும்மி மட்டும் மிஞ்சியது. அதே ஜோசப்தான் 1872 இல் துரைமார் பேச்சுத் தமிழ் கற்பதற்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். தொழிலாளிக்குக் கோப்பியைப் பற்றிப் பாட்டு, துரைக்குத் தொழிலாளியின் பேச்சைப் பற்றிப் பாடம். இரண்டையும் ஒரே கை எழுதியது. என் தொழிலுக்கு இந்த மலையில் ஒரு மூதாதை உண்டென்றால் இவரைத்தான் சொல்வேன். அந்த உறவை நினைத்தால் பெருமையும் வருகிறது, நெஞ்சில் ஒரு முள்ளும் தைக்கிறது.

பிறகு ஃபெர்குசன் பதிப்பகம் கொழும்பில் வெளியிட்ட சட்டைப்பை நூல் ஒன்று துரைமார் வீடுகளில் புழங்கியது. சின்னத்துரைக்கான அந்தக் கையேட்டின் பெயர் 'இங்கே வா'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்' வந்தது. இவற்றில் தமிழ் எழுத்தே வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தமிழை, காதால் கேட்டபடி வாயால் சொன்னால் போதும். பயிற்சியாளர் கண்ணால் பார்க்கும்போது இந்த நூல்களின் திறமையை மறுக்க முடியாது. இலக்கணத்தைத் தள்ளிவைத்து, ஒரு நாள் வேலையில் எந்த இடத்தில் எந்த வாக்கியம் தேவைப்படும் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். இன்று நாங்கள் புதிய முறை என்று சொல்லிக் கற்பிப்பதும் அதைத்தான். ஆனால் வாக்கியங்களில் பெரும்பாலானவை கட்டளைகள். கேள்வி இருந்தாலும் ஒரு வார்த்தையில் பதில் வந்தால் போதும் என்ற கேள்வி. தன் பாட்டி வயதுப் பெண்ணையும் வா, போ என்று அழைக்கும் தமிழைத்தான் ஓர் இருபது வயது இளைஞன் தன் முதல் தமிழாகக் கற்றான். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவன் கையில் கொடுத்த புத்தகத்தில் வேறு தமிழ் இல்லை.

வேலை பழக வந்த சின்னத்துரை தமிழ்ப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது தோட்டத்துறையின் வழக்கமாகவே இருந்தது. வெள்ளையர் போன பிறகும் அது நிற்கவில்லை. 1979 இல் தொடங்கப்பட்ட தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இன்றும் தோட்ட அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்கிறது. அது நல்ல காரியம். தன் கீழே வேலை செய்யும் மக்களின் மொழியைப் படித்தே ஆக வேண்டும் என்று அதிகாரிக்கு விதி வைத்திருக்கும் துறைகள் இந்த நாட்டில் அதிகம் இல்லை.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? தொழிலாளி துரையிடம் பேசுவதற்கு யாரும் பாடம் எழுதவில்லை. அவருக்குப் பதிலாகப் பேச ஓர் ஆள் இருந்தார். கங்காணி.

பெரிய கங்காணியை ஆள் கட்டுகிறவர் என்றும் கடன் கொடுக்கிறவர் என்றும்தான் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அது சரிதான். முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து அழைத்து வந்தார், துண்டு முறையில் கடனோடு கடனாக ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார், வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று 'பென்ஸ் காசு' வாங்கினார். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. அதன் பிறகும் கங்காணியின் பிடி தளரவில்லை என்றால் அதற்குக் காரணம் அவருடைய வாய். துரையின் தமிழ் மலை ஓரத்தோடு முடிந்துவிடும். கொழுந்து, கவ்வாத்து, கான் வெட்டு எல்லாவற்றுக்கும் அந்தத் தமிழ் போதும். கலியாணம், சாவு, நோய், கடன், மருமகனோடு சண்டை, ஊரில் கிடக்கும் தாய்க்குக் காசு அனுப்புவது, இவற்றுக்கெல்லாம் கங்காணி வேண்டும். அரை மணி நேரம் அழுது சொன்னதை அவர் ஒரு வரியில் துரைக்குச் சொல்வார். அந்த ஒரு வரியில் எது இருந்தது, எது விடுபட்டது என்பதை அழுதவர் அறிய வழியில்லை.

துரை வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், குடையை மடக்க வேண்டும். இதுதான் தொழிலாளிக்குக் கிடைத்த பயிற்சி. நிமிர்ந்து முகம் பார்ப்பது திமிர். என் வகுப்பில் முதல் நாள் எழுந்து நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். கொழும்பிலிருந்து வரும் பயிற்சிக் கையேடுகள் அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்கின்றன. நான் குறைப்பதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே அதன் கழுத்தில் நாலு தலைமுறை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் கதை சுருக்கமானது, சுருக்கமாக இருப்பதுதான் அதன் துயரம். 1907 இன் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 10 வயது வரை தாய்மொழியில் கல்வி தர வேண்டும் என்றது. 1920 இன் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பை இன்னும் தெளிவாக்கியது. பத்து வயதுக்கு மேல் கைகளுக்கு மலையில் வேலை இருந்தது. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து கூட்டாகச் சொல்லும் பாடம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தின் கையிலேயே கிடந்தன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பள்ளிகளும் படிப்படியாக அரசிடம் போயின. ஆங்கிலம் ஹட்டன், நுவரெலியா போன்ற பட்டணங்களில் மிஷன்கள் நடத்திய பள்ளிகளில் இருந்தது. கங்காணி வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் அங்கே போக முடிந்தது.

இப்படிச் சொல்லிவிட்டு மலையக மக்கள் ஊமையாக இருந்தார்கள் என்று முடித்தால் அது பொய். அவர்களுக்கு வேறு பள்ளிக்கூடங்கள் இருந்தன.

மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மதனும் சிவனும் தூதும் தர்க்கமும் என்று இரவு முழுக்க ஓடும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், எதிர் லயத்து வரிசை வீடுகளுக்குக் கேட்கும்படி குரலெடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் மணிக்கணக்கில் வசனம் தவறாமல் பேசுவார். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடும் தோட்டங்களிலும் அப்படியே. வாத்தியார் பிள்ளைகளை மாதக்கணக்கில் பழக்குவார். மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே கூட்டத்தின் பக்கம் திரும்புவது, எதிராளி பாடும்போது எப்படி நிற்பது, எல்லாம் பாடம்தான். பகலில் பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்ற அதே ஆள் இரவில் ஈசனோடு வாதாடினார். மேடைப் பேச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த நிறுவனமும் தந்துவிடவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பெண்களுக்குப் பாட்டு. தாலாட்டும் ஒப்பாரியும் ஊரிலிருந்து வந்தவை. மலையில் புதிதாகப் பிறந்தவை கொழுந்து மலைப் பாட்டுகள். முழு நாள் வேலைக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையை, காசைப் பிடித்துக்கொண்ட கங்காணியை, கூடையில் எடை குறைத்தவரைப் பேர் சொல்லாமல் பாட்டில் இழுப்பார்கள். மேற்பார்வைக்கு நிற்பவருக்கு யாரைச் சொல்கிறார்கள் என்பது தெரியும், ஆனால் பாட்டைப் பிடித்துத் தண்டிக்க முடியாது. இந்தப் பாட்டுகளைச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914 இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அவருடைய ஆங்கிலக் காவியத்தை சக்தீ பால-ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். லயத்துப் பெண்ணின் பாட்டையும் ஆங்கில வாசகரையும் ஒரே நேரத்தில் காதில் வைத்திருந்த மனிதர் அவர். 'நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்' என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருகிறவர் சி.வி.

தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்து இந்தப் பேச்சை அரசியலாக்கியவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர். பத்திரிகையாளர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று தமிழிலும் 'சிட்டிசன்', 'பார்வர்ட்' என்று ஆங்கிலத்திலும் இதழ் நடத்தினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையைச் சுமந்து லயம் லயமாகப் போனார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்து ஹட்டனில் வந்து நிலைகொண்டார். 1936 இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இந்த வரலாற்றை நமக்கு மீட்டுத் தந்தவர் சாரல் நாடன். அவரும் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்.

நடேசய்யரின் கூட்டங்களில் என்னை அதிகம் ஈர்ப்பவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை. படிக்கத் தெரியாத மக்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன பயன்? அவர் சட்டத்தையும் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் பாட்டாகக் கட்டினார். கூட்டத்தில் தானே நின்று பாடினார், சிறு புத்தகமாக அச்சிட்டும் பரப்பினார். ஒருவர் படித்தால் இருபது பேர் பாடலாம். மறுநாள் அது மலைக்குப் போய்விடும், துரையின் காவலுக்குப் பாட்டைத் தடுக்கும் கேட் இல்லை. கேட்பவர் எதை ஏற்கெனவே வைத்திருக்கிறாரோ அதில் ஏற்றிக் கொடு என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பெண்கள் பொது மேடை ஏறுவதே அரிதாயிருந்த முப்பதுகளில், மலை நாட்டுக் குளிரில் நின்று அதைச் செய்து காட்டிய பெண்ணின் படம் ஹட்டனில் ஒவ்வொரு பயிற்சி அறையிலும் இருக்க வேண்டும். இல்லை என்பது எனக்கு ஆறாத குறை.

1937 ஏப்ரல் 3 இல் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டமும் என் பாடத்தில் உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளையர் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்தவர். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போயிற்று, லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசினார். கட்சியின் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா இந்த வெள்ளைத் தோழரை மேடையில் அறிமுகப்படுத்தினார். அன்றைய கூட்டத்தைப் பற்றிப் பொலிஸ் அதிகாரி எழுதிய அறிக்கை, பிரேஸ்கேர்டிலின் பேச்சு நடை, முகபாவம், நின்ற நிலை எல்லாமே மிரட்டலாக இருந்ததாகச் சொல்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தொழிலாளர்கள் 'சாமி, சாமி' என்று கூவினார்களாம். நான் வகுப்பில் பயன்படுத்தும் மதிப்பீட்டுத் தாளிலும் குரல், முகபாவம், நிற்கும் விதம் என்று அதே மூன்று நிரல்கள் இருக்கின்றன. அன்று அரசாங்கமே உட்கார்ந்து மதிப்பெண் போட்டிருக்கிறது. ஏப்ரல் 22 இல் ஆளுநர் ஸ்டப்ஸ் நாடு கடத்தும் ஆணை பிறப்பித்தார். உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது.

இந்த இடத்தில் என் மாணவர்களிடம் ஒன்று கேட்பேன். ஒரு தொழிலாளி அதே சொற்களை அதே முகபாவத்தோடு பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது, பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார்.

மலையக மக்கள் சந்தித்த மிகப் பெரிய நேர்முகப் பரீட்சை அதற்குப் பிறகு வந்தது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு குறுகிய வாசலைத் திறந்தது. திருமணமானவர் 7 ஆண்டும், ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் 1951 ஆகஸ்டில். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் போயின. 1964 வரை குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். பத்து வயதோடு பள்ளியை விட்ட மனிதர், ஆங்கிலத்தில் நிரப்பிய படிவத்தை வைத்துக்கொண்டு, அதிகாரி முன்னால் நின்று, மொழிபெயர்ப்பாளர் வழியாக, தான் இங்கே வாழ்ந்தேன் என்பதைத் தேதி வாரியாகச் சொல்ல வேண்டும்.

என் தாத்தாவும் நின்றார். விசாரணைக்கு முதல் நாள் இரவு, லயத்தில் எட்டாம் வகுப்புப் படித்த ஒருவர் அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கினாராம். பேர் என்ன, எந்த வருஷம் வந்தீங்க, இடையில் ஊருக்குப் போனீங்களா. மறுநாள் தாத்தா வருஷத்தை எண்ணில் சொல்லத் தடுமாறி, ஆத்துல பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு மூணு தீபாவளி முன்னால என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளத்தை மலை நாட்டில் அறியாதவர் கிடையாது, ஆனால் படிவத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை. 'நான் பொய் சொல்லல, அவருக்கு விளங்கற மாதிரி சொல்லல' என்று சாகும்வரை அம்மாவிடம் சொன்னார். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தபோது, தாத்தாவின் உடன்பிறந்தவர்களில் பாதி கப்பலேறியது. நான் நேர்முகப் பரீட்சை வகுப்பு எடுக்கிறேன் என்றால், அதன் முதல் வகுப்பு அந்த லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நடந்துவிட்டது.

இதற்கிடையில் மொழியும் மாறிவிட்டது. 1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழி. ஆங்கிலம் இல்லாததால் வாய் திறக்காத மக்கள் இப்போது சிங்களம் இல்லாததாலும் வாய் திறக்கவில்லை. பொலிஸில், ஆஸ்பத்திரியில், கச்சேரியில் மறுபடியும் ஓர் ஆள் நடுவில் நின்று பேச வேண்டும். 1987 இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டத்தில் ஆன காரியம் கவுண்டர் வரை வந்து சேர இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அறுபதுகளில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஒரு வெளிச்சம் பிறந்தது. இர. சிவலிங்கம் அங்கே ஆசிரியர், பிறகு அதிபர். மலையகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் ஒருவர், பெரும் பேச்சாளர். சிறுகதைக்காரரான திருச்செந்தூரனும் அதே கல்லூரியில் கற்பித்தார். அவர்களிடம் படித்தவர்களில் பலர் ஆசிரியர்களாகி மறுபடியும் தோட்டப் பள்ளிகளுக்கே போனார்கள். எங்களுக்குப் படிப்பித்த வாத்திமாருக்குப் படிப்பித்தவர்கள் அவர்கள். சிவலிங்கத்தின் பேச்சைக் கேட்டவர்கள் இன்றும் சொல்வது, அவர் தமிழை உயர்த்தியும் பேசவில்லை, தாழ்த்தியும் பேசவில்லை, தோட்டத்துப் பிள்ளையைப் பெரிய மனிதனாக மதித்துப் பேசினார் என்பதைத்தான். பின்னாளில் அவர் இந்தியா போய், நீலகிரியில் தாயகம் திரும்பிய மக்களுக்காக உழைத்தார். 1999 இல் மறைந்தார்.

1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன் பிறகுதான் பயிற்சி என்ற சொல் தோட்டத்தில் பரவலாகப் புழங்கியது. வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் தரச் சான்றிதழ் கேட்கிறார்கள். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் தொழிலாளியோடு நேரில் பேசுகிறார்கள். குறைகேட்கும் குழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு அழைப்பு வருகிறது.

நான் நடத்தும் பயிற்சியில் தராசடி ஒரு பாகம். கொழுந்து நிறுக்கும் நேரம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பார்கள், அங்கேதான் நாள் முழுதும் அடக்கிய கோபம் வெடிக்கும். உத்தியோகத்தர்களில் ஒருவரைக் கொழுந்துப் பெண்ணாக நிற்க வைத்து, கழித்ததற்குக் காரணம் கேட்கச் சொல்வேன். நாற்பது வயது ஆண்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், அந்த இடத்தில் நின்றதும் சொல் வராமல் நிற்பார்கள். ஒருவர் வெகுநேரம் கழித்து, 'ஐயா, கொஞ்சம் தராசப் பாக்கலாங்களா?' என்றார். அவருக்கு எதிரே நின்றவர் பழக்கதோஷத்தில் 'அங்கிட்டுப் போ' என்றுவிட்டு, பிறகு தானே திகைத்துப் போனார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற எல்லாப் பாடத்தையும் வைத்திருக்கிறேன். ஒரு கம்பனி அடுத்த முறை அழைத்தபோது இந்தப் பாகத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னது. ஆட்களுக்கு எதிர்த்துப் பேசப் பழக்குவது போலிருக்கிறது என்றார்கள். விட முடியாது என்றேன். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. உத்தியோகத்தர் கேட்கப் பழகாத இடத்தில் பேச்சுப் பயிற்சி என்பது பழைய கையேட்டுக்குப் புது அட்டை போடுவதுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நோர்வூட் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் தொழிற்சங்க மாதர் தலைவிகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். ஆங்கிலம் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் கேட்டது வேறு. சம்பளச் சீட்டை உரக்க வாசித்து அதில் ஒவ்வொரு கழிவுக்கும் விளக்கம் கேட்க வேண்டும். கிளினிக்கில் நேர்ஸ் அம்மாவிடம் பிள்ளையின் நோயைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிய பிறகு திருப்பி வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மறுக்கத் தெரிய வேண்டும். சிங்களத்துக்கு டிக்கோயாவிலிருந்து ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் வருகிறார். 'எங்களோட மரியாதையாப் பேசறதுக்கு என்ன வார்த்தை சொல்லணுமோ அதையும் படிச்சுக் குடுங்க, அவங்க பேசாட்டி நாங்க கேப்போம்' என்று ஒருவர் அவரிடம் சொன்னார்.

துரைமாரின் தமிழ்ப் பரீட்சையைப் பற்றி அங்கே சொன்னபோது, முன் வரிசையில் இருந்த ஒரு தலைவி கையை உயர்த்தினார். 'தொரைக்குப் பரீட்ச வச்சு சர்ட்டிபிக்கட் குடுத்தாங்கல்ல டீச்சர், எங்களுக்கும் குடுப்பாங்களா?' நாட்டில் தையலுக்கும் மேசன் வேலைக்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. தொழிலாளர் சார்பில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தராசடியை அதில் முதல் அலகாக வைத்திருக்கிறேன். பரீட்சகர்களில் ஒருவராவது கொழுந்து பறித்தவராக இருக்க வேண்டும் என்பது அந்தத் தலைவி சேர்க்கச் சொன்ன நிபந்தனை.